எமதூதன் ஆண்ட கல்லூரி

சகோதரிகளே, க.பொ.த உயர்தரப் பெறுபேறு வந்து, அதன் பின்னால் வெட்டுப்புள்ளியும் வெளியாகும் நாட்களில் நமது மாத்தளைப் பகுதி வீடுகளில் நிலவும் பரபரப்பை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான துறைகளுக்கு அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் பங்கிடப்படுகின்றது. ஆகவே உக்குவளையில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த இடம், கலேவெலயில் இன்னொரு பிள்ளைக்குப் புள்ளியின் ஒரு பின்னத்தில் தவறிப் போவதும் உண்டு. ஸாஹிராவிலோ ஆமினாவிலோ படித்த பிள்ளைக்குப் பேராதனை கிடைத்துவிட்டால் உம்மா வாப்பாவுக்கு அன்று பெருநாள்தான். பெட்டி கட்டி, பாய் தலையணை வாங்கிக் கொடுத்து, அக்குறணை வழியாகக் கண்டி போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, "இனிப் பிள்ளை படித்து வந்துவிடும்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம்.

அதற்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் நிறையக் கதை சொல்வார்கள். இன்ன விரிவுரையாளர் இப்படி நடப்பார், இப்படி இருமுவார் என்று நடித்துக் காட்டுவார்கள். சிரித்துவிட்டு, "படிப்பிச்சுத் தாற மனிசரைப் பகிடி பண்ணாதே" என்று ஓர் அதட்டலும் போடுவோம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பகிடிக்குள்ளே சில வேளை ஒரு முறைப்பாடு ஒளிந்திருக்கும். நேரே சொல்லப் பயப்படுவதைத்தான் பிள்ளைகள் சிரித்துச் சொல்கிறார்கள். இதை எனக்கு நன்றாக விளங்க வைத்தது ஒரு பழைய படம். சினிமா பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று முகம் சுளிக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

படத்தின் பெயரே வாயில் நுழையாது: 'இன் விச் அன்னி கிவ்ஸ் இட் தோஸ் வன்ஸ்'. டில்லிக் கல்லூரி மாணவர்களின் கொச்சை ஆங்கிலம் அது. அன்னி தனது வழக்கமான பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டான் என்பதுபோல ஒரு பொருள். இந்திய அரசின் தூரதர்ஷன் தொலைக்காட்சிக்காக, பிரபலமான நட்சத்திரங்கள் எவருமின்றிச் சிறிய செலவில் எடுக்கப்பட்ட இந்தப் படத்தை இயக்கியவர் பிரதீப் கிருஷேன். கதை வசனம் எழுதி, ராதா என்ற மாணவியாக நடித்தும் இருப்பவர் அருந்ததி ராய். ஆம், 1997இல் 'சின்ன விஷயங்களின் கடவுள்' என்ற நாவலுக்காகப் புக்கர் பரிசு பெற்ற அதே அருந்ததிதான். அந்தப் பெயரும் புகழும் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன், இருபத்தைந்தைச் சற்றுத் தாண்டிய வயதில் அவர் எழுதியது இது.

அவர் டில்லியில் கட்டடக்கலை படித்தவர். தாம் படித்த காலத்தின் விடுதி அறைகள், கடைசி இராத்திரியில் கண் விழித்து வரையும் படங்கள், பரீட்சைப் பயம், வெட்டிப் பேச்சு எல்லாவற்றையும் அப்படியே திரையில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். மாணவர்கள் பேசுவது ஆங்கிலமும் ஹிந்தியும் பஞ்சாபியும் கலந்த ஒரு பாஷை. நமது பிள்ளைகள் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் குழைத்துப் பேசுவதைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு அது ஒன்றும் புதுமையாக இராது.

அன்னி செய்த குற்றம்

கதை நடப்பது எழுபதுகளில், டில்லியிலுள்ள ஒரு கற்பனைக் கட்டடக்கலைக் கல்லூரியில். ஆனந்த் குரோவர் என்ற மாணவனைத்தான் எல்லோரும் அன்னி என்று அழைக்கிறார்கள். பெண் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், ஆனந்தின் சுருக்கம். அர்ஜுன் ரைனா என்பவர் நடித்திருக்கிறார். ஐந்து வருடப் படிப்பில் கடைசி ஆண்டுக்கு வந்தவன், அந்த ஆண்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறான். கூடப் படித்தவர்களெல்லாம் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். இவன் விடுதி அறையில் இரண்டு கோழிகளை வளர்த்து, முட்டை விற்றுச் செலவைச் சமாளித்துக்கொண்டு கிடக்கிறான்.

மண்டை மந்தமா? இல்லை. பல வருடங்களுக்கு முன்னர் கல்லூரி அதிபரை ஒரு தடவை பகிடி பண்ணிவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அதிபரின் பெயர் வை.டி. பில்லிமோரியா. அந்த முதலெழுத்துக்களை வைத்து மாணவர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் 'எமதூதன்'. 'காந்தி' படத்தில் நேருவாக வந்த ரோஷன் சேத்தான் இந்த எமதூதன். அடிப்பதில்லை, கத்துவதில்லை. நல்ல ஆங்கிலம், நாகரிகமான நடை உடை. மாணவர்களைக் கழுதை என்று செல்லம்போல அழைப்பார். அந்தச் செல்லத்துக்குள் இருக்கும் விஷம்தான் படத்தின் உயிர். ஒரு மாணவனின் வருடங்களைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதைப் பற்றிய நினைவுகூட இல்லாமல் நடமாடும் ஒரு பெரிய மனிதரைப் பார்க்கிறோம். சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்த பிறகு வயிற்றைப் பிசைகிறது.

கவனியுங்கள். இந்தக் கதையில் வில்லன் கத்தி எடுக்கவில்லை. ஒரு கையெழுத்து, ஒரு புள்ளி, 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற ஒரு வார்த்தை. இவை போதுமானவையாக இருக்கின்றன. ஒரு வருடம் பின்தங்குவது என்றால் என்ன என்பது கடன் பட்டுப் படிப்பிக்கும் வாப்பாமாருக்குத்தான் தெரியும். பெண் பிள்ளையானால் கேட்கவே வேண்டாம். "இன்னும் முடியல்லையா?" என்று கலியாண வீட்டில் நாலு பேர் கேட்கும் கேள்விக்கு உம்மாதான் பதில் சொல்ல வேண்டும். ஏன் முடியவில்லை என்று பிள்ளையிடம் அமைதியாகக் கேட்பதற்கு முன்னர், "நீ ஒழுங்காகப் படித்திருந்தால்..." என்று நாமும் எமதூதனின் பக்கமே போய் நின்றுவிடுகிறோமே!

புகையிரதப் பாதையோரத்தில் பழமரங்கள்

அன்னி சும்மா இருப்பவனல்ல. நாட்டைத் திருத்தத் திட்டங்கள் போடுகிறவன். அவனுடைய பெரிய திட்டத்தைக் கேளுங்கள். கிராமத்து மக்கள் காலையில் வெளிக்குப் போவது புகையிரதப் பாதையோரத்தில். ஆகவே அங்கே பசளைக்குக் குறைவில்லை. பாதையின் இரு பக்கமும் பழமரங்களை நட்டுவிட வேண்டும். ஓடுகிற புகையிரதங்களில் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைப் பூட்டிவிட்டால் நீர் ஊற்ற ஆள் வேண்டாம். மரம் காய்க்கும், கிராமத்தில் வருமானம் பெருகும், பிழைப்புத் தேடி நகரத்துக்கு ஓடும் கூட்டம் குறையும்!

சிரிப்பாக இருக்கிறதல்லவா? நமது மாத்தளைக்கு 1880இல் புகையிரதம் வந்தது. கண்டியிலிருந்து வரும் அந்தக் கிளைப் பாதைக்கு நமது ஊர்தான் கடைசி நிலையம். அந்தப் பெட்டிகளில் ஏறிப் பழகியவர்களுக்கு மலசலகூடத்துத் துளை வழியே தண்டவாளம் ஓடுவதைப் பார்த்த அனுபவம் இருக்கும். அன்னியின் திட்டத்தைக் கேட்டதும் நமக்கு முகம் சுளிக்கிறது, அடுத்த நிமிடம் 'அட, இதில் என்ன பிழை?' என்றும் தோன்றுகிறது. மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றி, அடியில் சாணமும் சருகும் கொட்டி வருமானம் பார்க்கிற மாவட்டமல்லவா இது. நையாண்டியின் வேலையே அதுதான். கிறுக்கன் என்று எல்லோரும் தள்ளிவைத்த பையன்தான் ஏழைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான். படித்த பெரியவர்கள் நிறைந்த நடுவர் குழுவுக்கு அந்த யோசனை வருவதே இல்லை.

இடையில் ஒரு செய்தி. படத்தை இயக்கிய பிரதீப் கிருஷேன் பிற்காலத்தில் சினிமாவை விட்டுவிட்டு மரங்களின் பின்னால் போய்விட்டார். டில்லியின் மரங்களைப் பற்றி 2006இல் ஒரு நூல் எழுதினார். ராஜஸ்தானின் ஜோத்பூரில், கோட்டைக்குப் பக்கத்திலுள்ள வெறும் பாறை நிலத்தில் அந்த மண்ணுக்குரிய செடிகளை மீண்டும் வளர்த்து ஒரு பூங்காவே அமைத்துக் கொடுத்தார். அன்னியின் கிறுக்கு அவரையும் பிடித்துக்கொண்டதோ என்னவோ!

கட்டடம் யாருக்காக?

அருந்ததி நடித்த ராதா துணிச்சல்காரி. வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள். பரீட்சை நாளில் பெரியவர்கள் எதிர்பார்க்கும் அடக்கமான மாணவியாகப் போய் நிற்கவும் மாட்டாள். நகரத்தைத் திட்டமிடுகிறவர்கள் யாரை நினைத்துத் திட்டமிடுகிறார்கள், குடிசைக்காரர்களும் நடைபாதைக்காரர்களும் அந்த வரைபடத்தில் எங்கே என்பதுதான் அருந்ததியை மாணவியாக இருந்த காலம் முதலே குடைந்துகொண்டிருந்த கேள்வி. படத்திலும் அந்தக் கேள்வி நுழைந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு நமது மலைநாட்டுப் பெண் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா. பம்பாயில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோது, 1942இல் காந்தி கைது செய்யப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் நடத்திய போராட்டத்தில் சேர்ந்தார். மன்னிப்புக் கேள் என்றார்கள், மறுத்தார், கல்லூரியை விட்டு நீக்கினார்கள். சோர்ந்து போய் வீட்டில் உட்கார்ந்துவிடாமல் லண்டன் சென்று படிப்பைத் தொடர்ந்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் அங்கத்துவம் பெற்றார். அந்த அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர்தான். ஊருக்குத் திரும்பிக் கண்டியிலேயே அலுவலகம் வைத்தார். ஐம்பதுகளில் கண்டி வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, அங்கே குடியேறப் போகும் குடும்பங்களிடம் அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார். எத்தனை பேர் வீட்டில், சமையல் எப்படி, வருமானம் எவ்வளவு என்று குடியிருக்கப் போகிறவரிடமே கேட்பது அந்தக் காலத்தில் அபூர்வம். இன்றும்தான்! குசினியை ஆண்களே திட்டமிட்டுக் கட்டிய வீடுகளில் புகையோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எமதூதனின் கல்லூரி போல ஒன்று மினெட்டை வெளியே தள்ளியது. அவருக்கு வசதியும் செல்வாக்கும் உள்ள பெற்றோர் இருந்தார்கள், லண்டன் போனார். அன்னிக்கு இருந்தது இரண்டு கோழிகள். இந்த வித்தியாசத்தையும் நாம் மறந்துவிடலாகாது.

அன்னிக்கு இறுதியில் என்ன ஆகிறது, நண்பர்கள் அவனுக்காக என்ன செய்கிறார்கள் என்பதை நான் சொல்லிவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சுவை போய்விடும், விட்டுவிடுகிறேன்.

நமது எமதூதர்கள்

டில்லிக் கதையில் அதிபர் எமதூதன். நமது பல்கலைக்கழகங்களில் அந்த வேலையைப் பல வேளைகளில் பார்ப்பவர்கள் ஒரு வருடம் முன்னதாக உள்ளே போன பிள்ளைகள். பகிடிவதை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். பெயரிலேயே பகிடி இருப்பதால் அதன் கொடுமை நமக்கு உறைப்பதில்லை. இன்ன நிறத்தில் உடுக்க வேண்டும், இன்ன பாதையில் நடக்கக் கூடாது, நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்று எவருக்கும் தெரியாது. 1975இல் பேராதனையில் இதிலிருந்து தப்ப விடுதியின் மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதவளானாள். 1997இல் அதே பேராதனையில், பொறியியல் பீடத்து முதலாம் ஆண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் கட்டாய உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீரகம் பழுதாகி உயிரிழந்தார். எத்தனை கனவோடு அனுப்பியிருப்பார்கள் அந்தப் பெற்றோர்!

அதற்கு அடுத்த வருடம்தான் சட்டம் வந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. குற்றவாளிக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து வருடம் வரை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பொலிஸிலும் முறையிடலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். இது நமது வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும், "சொன்னால் இன்னும் மோசமாகிவிடும், நாலு நாள் பொறுத்துக்கொள்" என்பதுதான் நாம் சொல்லும் புத்தி. பொறுத்துக்கொண்ட பிள்ளை அடுத்த வருடம் தானே எமதூதனாக நிற்கிறது. அதுவும் நமது பிள்ளைதான்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னொரு சிக்கல். "அங்கே தொல்லை" என்று வாய் திறந்தால், "அப்படியானால் படிப்பு வேண்டாம், வீட்டுக்கு வா" என்று வாப்பாவோ நானாவோ சொல்லிவிடுவார்களோ என்ற பயம். படிப்பை இழந்துவிடக்கூடாதே என்பதற்காகவே வாயைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொல்லை கொடுத்தவன் படித்துக்கொண்டிருக்க, தொல்லைப்பட்டவள் வீட்டுக்கு வருவது எந்த ஊர் நீதி? அவள் வீட்டில் சொல்வதென்றால் எப்படிச் சொல்வாள்? ஏதோ ஒரு கூட்டாளிக்கு நடந்ததுபோல, சிரித்துக்கொண்டே, தேநீர் ஊற்றும் நேரத்தில் சொல்வாள். உம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "அந்தப் பிள்ளை பிறகு என்ன செய்தது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். மீதிக் கதை தானாக வரும்.

வாங்கிய விருதும் போகாத விழாவும்

இத்தனை சொன்ன இந்தப் படத்தைத் தூரதர்ஷன் என்ன செய்தது தெரியுமா? 1989இல் இரவு வெகுநேரம் கழித்து ஒரு தடவை காட்டிவிட்டு மூடிவைத்தது. ஆனால் அதே வருடம் சிறந்த ஆங்கிலப் படத்துக்கும், சிறந்த திரைக்கதைக்கும் இந்தியத் தேசிய விருதுகள் கிடைத்தன. யாரோ தொலைக்காட்சியிலிருந்து வீடியோ நாடாவில் பதிந்துவைத்த கறைபடிந்த பிரதிகள்தான் பல வருடங்கள் மாணவர்களிடையே கைமாறி வந்தன.

திரைக்கதைக்கான அந்த விருதை அருந்ததி 2015இல் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர்கள் கொல்லப்பட்டதும், எழுத்தாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் நடந்த காலம் அது. இந்தியாவில் எத்தனையோ எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் தங்கள் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தபோது அவரும் சேர்ந்துகொண்டார். மாணவப் பருவத்துச் சிரிப்புக்குக் கிடைத்த பரிசு, நாட்டின் துக்கத்தில் திரும்பிப் போயிற்று.

அண்மையில் படம் புதுப்பிக்கப்பட்டு, 2026 பெப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் பழைய படங்களுக்கான பிரிவில் காட்டத் தெரிவானது. எழுதி முப்பத்தெட்டு வருடங்களுக்குப் பின் தன் படத்தைப் பெரிய திரையில் பார்க்கப் போகும் மகிழ்ச்சி அருந்ததிக்கு இருந்தது. விழாவில், காஸாவைப் பற்றி நடுவர் குழுவிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. படைப்பாளிகள் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற கருத்தில் நடுவர் தலைவர், ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ், பதில் சொன்னார். அதைக் கேட்ட அருந்ததி, தான் விழாவுக்கு வரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அன்னியை எழுதிய பெண் அல்லவா! நடுவர் குழு என்றால் அவருக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது போலிருக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு பிள்ளைகளோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் படமல்ல இது. சிகரெட்டுப் புகை, கெட்ட வார்த்தை, கலியாணம் ஆகாத காதல் சோடி எல்லாம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் மகளோடு உட்கார்ந்து உம்மா பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் அதிலும் நியாயம் இருக்கும். படம் ஆங்கிலம் என்பதால் சில இடங்களில் மகள்தான் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். ஷாருக் கான் நடித்த படம் என்று யாராவது சொல்லி ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள். இருக்கிறார்தான், அப்போது அவரை யாருக்கும் தெரியாது. விடுதியில் ஒரு மூத்த மாணவராக வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கினால் ஆளைக் காணவே கிடைக்காது.